படகின் ஆட்டத்தைப் போன் அளக்குமா? வாசகர் கேள்வி – பதில்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில்தான் படகுகள் கரையேறிப் பழுது பார்க்கப்படுகின்றன. வீல் ஹவுஸ் (படகை ஓட்டும் அறை) மேல் புதுக் கூண்டு, கூடுதல் தண்ணீர்த் தொட்டி, வலையை இழுக்கும் பெரிய வின்ச் எல்லாம் ஏறுவதும் அப்போதுதான். அதை ஒட்டி ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒன்றையே கேட்கின்றன: கையில் இருக்கும் ஸ்மார்ட்போனை வைத்துப் படகின் உறுதியைச் சோதிக்க முடியுமா? இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். பதில்களில் வரும் கணக்குகள் 5 மீட்டர் அகலமும் சுமார் 30 டன் எடையும் உள்ள ஒரு விசைப்படகை வைத்துப் போட்டவை. உங்கள் படகுக்கு உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

போனில் பலவித சென்சார்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். படகு கவிழுமா, கவிழாதா என்று அது சொல்லிவிடுமா?
— விசைப்படகு உரிமையாளர், தங்கச்சிமடம்

கவிழுமா என்பதைச் சொல்லாது. படகு இடமிருந்து வலம் போய் மறுபடி இடத்துக்கே திரும்ப எத்தனை வினாடி எடுக்கிறது என்பதைத் துல்லியமாகச் சொல்லும். இந்த ‘ஆட்ட நேரம்’ கிடைத்தால் படகின் உறுதியைப் பற்றிப் பாதி விவரம் கிடைத்த மாதிரி.

காரணம் இது. படகின் எடை கீழே இழுப்பது எடைமையத்தின் வழியாக. தண்ணீர் மேலே தள்ளுவது, மூழ்கியிருக்கும் பகுதியின் மையத்தின் வழியாக. படகு சாயும்போது மூழ்கிய பகுதியின் வடிவம் மாறி, தண்ணீர் தள்ளும் கோடு சாய்ந்த பக்கமாக நகர்கிறது. அந்தக் கோடு படகின் நடுக்கோட்டை வெட்டும் புள்ளிக்கு மெட்டாசென்டர் என்று பெயர். பிரெஞ்சு அறிஞர் பியர் பூகேர் 1746-ல் இதை விளக்கி நூல் எழுதினார். எடைமையத்திலிருந்து இந்தப் புள்ளி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதுதான் ‘ஜி.எம்.’. அது அதிகமாக இருந்தால் படகு வெடுக்கென்று நிமிரும், ஆட்ட நேரம் குறையும். அது சுருங்கினால் படகு சோம்பலாக நிமிரும், ஆட்ட நேரம் நீளும்.

கணக்கு எளிது. படகின் அகலத்தை (மீட்டரில்) ஒரு குணகத்தால் பெருக்குங்கள், ஆட்ட நேரத்தால் (வினாடியில்) வகுங்கள், வந்ததை அதே எண்ணால் பெருக்குங்கள். கிடைப்பது ஜி.எம்., மீட்டரில். குணகமாக சர்வதேசக் கடல்சார் அமைப்பு ஆழ்கடல் மீன்பிடிப் படகுகளுக்குத் தோராயமாக 0.80-ம், இருபுறமும் கை நீட்டி இழுக்கும் இறால் படகுகளுக்கு 0.95-ம், உயிர்மீன் தொட்டி உள்ள படகுகளுக்கு 0.60-ம் தருகிறது.

நம் 5 மீட்டர் படகுக்கு 0.80 போட்டால்: 4 வினாடி ஆட்டத்துக்கு ஜி.எம். 1 மீட்டர். 5 வினாடிக்கு 64 செ.மீ. 6 வினாடிக்கு 44 செ.மீ. 6.8 வினாடிக்கு வெறும் 35 செ.மீ. 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள ஒற்றைத் தள மீன்பிடிக் கப்பல்களுக்கு சர்வதேச விதி கேட்கும் குறைந்தபட்ச ஜி.எம். இந்த 35 செ.மீ.தான். சிறிய படகுகளுக்கு நெடுநாளாகப் புழக்கத்தில் உள்ள ஒரு விதியும் உண்டு: ஆட்ட நேரம் (வினாடியில்) படகின் அகலத்தை (மீட்டரில்) விடக் குறைவாக இருந்தால், தண்ணீருக்கு மேல் போதிய விளிம்பு உயரமும் இருந்தால், தொடக்க உறுதி பெரும்பாலும் போதும்.

அந்த ‘விளிம்பு உயரமும் இருந்தால்’ என்பதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஜி.எம். காட்டுவது முதல் சில டிகிரிச் சாய்வுக்கான பலத்தை மட்டுமே. தளத்தின் விளிம்பு தண்ணீரில் முங்கிவிட்டால் அதற்கு அப்புறம் படகு எப்படி நடந்துகொள்ளும் என்பது வேறு கணக்கு, போன் அதைத் தராது. அளவுக்கு மேல் மீன் ஏற்றி, தளம் தண்ணீரை ஒட்டிக் கிடக்கும் படகில் நல்ல ஜி.எம். வந்தாலும் அதை நம்பக் கூடாது.

சோதனையை எப்படிச் செய்வது? ஒவ்வொரு படியாகச் சொல்லுங்கள்.
— விசைப்படகு டிரைவர், மண்டபம்

முதலில் இடம். உங்கள் ஊருக்கு இருபுறமும் கடல் இருப்பது பெரிய வசதி. தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் வடக்குக் கடலில் செய்யுங்கள், வாடை வீசும் மாதங்களில் தெற்குப் பக்கம் போங்கள். காற்று எழும்புவதற்கு முந்தைய விடிகாலை நல்லது. பாம்பன் கால்வாயின் நீரோட்டத்தில் செய்யவே வேண்டாம். வடக்குப் பக்கம் கடல் ஆழம் குறைவு என்பதால் ஒன்றைக் கவனியுங்கள். ஏராவுக்கும் (படகின் அடியில் நெடுக ஓடும் முதுகுக் கட்டை) தரைக்கும் இடையில் தண்ணீர் கொஞ்சமாக இருந்தால் ஆட்டம் மந்தமாகி நேரம் நீண்டு காட்டும். படகு எவ்வளவு ஆழம் முங்கி நிற்கிறதோ, குறைந்தது அவ்வளவு தண்ணீராவது அதற்குக் கீழே இருக்கட்டும். பக்கத்துப் படகோ ஜெட்டியோ உரசக் கூடாது. அணியத்தில் (படகின் முன்முனை) ஒரே கயிறு, அதுவும் தொய்வாக.

அடுத்து படகு. பில்ஜ் தண்ணீரை, அதாவது படகின் அடிவயிற்றில் தேங்குவதை, முழுக்க இறைத்துவிடுங்கள். டீசல் டேங்க் நிரம்பியிருக்கட்டும், அல்லது காலியாக இருக்கட்டும், அரைகுறை வேண்டாம். வலை, பலகை, கயிறு, ஐஸ் பெட்டி எல்லாம் கடலுக்குப் போகும்போது இருக்கும் இடத்தில் இருக்கட்டும். ஆடும்போது உருளக்கூடியதைக் கட்டிவையுங்கள். இன்ஜினை நிறுத்துங்கள்.

போனில் ‘ஃபைஃபாக்ஸ்’ என்ற இலவசச் செயலியை ஏற்றிக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் மாணவர்களுக்காக உருவாக்கியது. அதில் சுழலும் வேகத்தை அளக்கும் ‘ஜைராஸ்கோப்’ என்ற பகுதியைத் திறங்கள். அது மங்கலாகத் தெரிந்தால் உங்கள் போனில் அந்தச் சென்சார் இல்லை என்று பொருள். அப்படியானால் முடுக்கமானிப் பகுதியைப் பயன்படுத்தலாம். போனின் உறையைக் கழற்றிவிட்டு, திரை மேலே பார்க்க, நீண்ட விளிம்பு ஏராவுக்கு இணையாக இருக்கும்படி, நடுக்கோட்டில் ஒரு தட்டையான பலகையில் இருபக்க டேப்பால் ஒட்டுங்கள். இப்படி வைத்தால் பக்கவாட்டு ஆட்டம் ‘ஒய்’ வரைபடத்தில் வரும். மெத்தை, ரப்பர் விரிப்பு, சட்டைப்பை எதிலும் போனை வைக்காதீர்கள். வெயிலும் படக் கூடாது. சூடு ஏறினால் ஜைராஸ்கோப்பின் பூஜ்யம் நகரும். இன்னும் ஏறினால் போனே நின்றுவிடும்.

செயலியின் மெனுவில் நேரக் கட்டுப்பாடு உண்டு. 10 வினாடி கழித்துத் தொடங்கி 120 வினாடி ஓடும்படி வையுங்கள். தொலைவிலிருந்து இயக்கும் வசதியைத் தட்டினால் ஒரு முகவரி தரும். அதே வைஃபையில் உள்ள இன்னொரு போனின் பிரவுசரில் அதைத் திறந்து, ஒட்டிய போனைத் தொடாமலே வரைபடத்தைப் பார்க்கலாம்.

இனி படகை ஆட்டுங்கள். நான்கைந்து பேர் ஒன்றாக இடதுக்கும் வலதுக்கும் நடக்கலாம். அல்லது பாய்மரத்திலோ கம்பத்திலோ கட்டிய கயிற்றைப் பக்கத்திலிருந்து தாளத்தோடு இழுத்து விடலாம். படகின் தாளத்துக்கு நீங்கள் போக வேண்டும், உங்கள் தாளத்துக்குப் படகு வராது. ஒவ்வொரு பக்கமும் 2 முதல் 6 டிகிரி ஆடினால் போதும். ஆட்டம் பிடித்ததும் எல்லாரும் நடுக்கோட்டில் அசையாமல் நின்றுவிட வேண்டும். பெரும்பாலான சோதனைகள் கெடுவது இங்கேதான். ஒருவர் தொடர்ந்து காலை மாற்றிக்கொண்டிருந்தாலும் போன் காட்டுவது அவருடைய தாளத்தைத்தான்.

வரைபடத்தில் முதல் ஆட்டத்தை விட்டுவிடுங்கள். கோடு பூஜ்யத்தைக் கீழிருந்து மேலாக வெட்டும் இடத்தில் தொடங்கி, அதற்குப் பிறகு அதே மாதிரி ஐந்தாவது முறை வெட்டும் வரை உள்ள நேரத்தை எடுத்து 5-ஆல் வகுங்கள். ஆட்டம் முழுதும் அடங்கிய பிறகு இன்னும் இரண்டு முறை செய்யுங்கள். மூன்று விடைகளும் நூற்றில் இரண்டு மூன்று பங்குக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் கயிறு இழுத்திருக்கும், அடி தரையைத் தொட்டிருக்கும், அல்லது படகுக்குள் எங்கோ தண்ணீர் ஆடிக்கொண்டிருக்கும்.

ஜைராஸ்கோப், முடுக்கமானி இரண்டில் எது சரி? சாய்வுக் கோணத்தை நேராகக் காட்டும் செயலிகள் இருக்கின்றனவே?
— இயற்பியல் மாணவி, கீழக்கரை

அந்தக் கோணச் செயலிகள், போன் அசையாமல் இருக்கும்போது சரியாகக் காட்டும். ஆடும்போது ஏமாற்றும். முடுக்கமானி உணர்வது ஈர்ப்பை மட்டுமல்ல, போன் இருக்கும் இடத்தின் முடுக்கத்தையும் சேர்த்துத்தான். வீல் ஹவுஸ் கூரையில் வைத்த போன் ஒவ்வொரு ஆட்டத்திலும் பக்கவாட்டில் வீசப்படுவதால் உண்மையைவிடப் பெரிய கோணத்தைக் காட்டும். ஆட்டத்தின் அச்சுக்கு அருகில், அதாவது ஏறத்தாழ நீர்மட்ட உயரத்தில், நடுவில் வைத்தால் இந்தப் பிழை சிறிது.

ஜைராஸ்கோப் சுழலும் வேகத்தை மட்டும் அளப்பதால் உயரம் அதைப் பாதிக்காது. கோணம் வேண்டுமானால், உச்ச வேகத்தை ஆட்ட நேரத்தால் பெருக்கி 6.28-ஆல் வகுக்கலாம். உச்ச வேகம் வினாடிக்கு 0.10 ரேடியன், ஆட்டம் 4.5 வினாடி என்றால் கோணம் 0.072 ரேடியன், அதாவது சுமார் 4 டிகிரி. ஆட்ட நேரம் மட்டும் போதும் என்றால் இரண்டு சென்சாரும் ஒரே விடையைத் தரும். திசைகாட்டி சென்சாரை மறந்துவிடலாம், இன்ஜின் இரும்புக்குப் பக்கத்தில் அதற்கு வேலை இல்லை.

வீல் ஹவுஸ் மேல் தூங்குவதற்கு ஒரு கூண்டும் 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டியும் வைத்தோம். முன்பைவிடப் படகு இப்போது மெதுவாக, சுகமாக ஆடுகிறது. படகு கனத்து நன்றாக உட்கார்ந்துவிட்டது என்கிறார்கள். சரியா?
— விசைப்படகு உரிமையாளர், ராமேஸ்வரம்

இல்லை. தயவுசெய்து அடுத்த முறை கடலுக்குப் போக டோக்கன் வாங்குவதற்கு முன் இந்தப் பதிலைப் படியுங்கள்.

உங்கள் கடிதத்தில், முன்பு கைக்கடிகாரத்தில் 4.5 வினாடி இருந்த ஆட்டம் இப்போது 5.6 வினாடி ஆகிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். படகின் அகலம் 5 மீட்டர். முன்பு ஜி.எம். 79 செ.மீ., இப்போது 51 செ.மீ. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விட்டது. ஆட்ட நேரம் அகலத்தின் எண்ணையும் தாண்டிவிட்டது. உடம்புக்குச் சுகமாகத் தெரியும் அந்த ஆட்டம், நிமிர்த்தும் பலம் குறைந்ததால் வந்தது. வெடுக்கென்று ஆடும் படகில் ஆட்களுக்குத் தொல்லை. மெல்ல ஆடி, சாய்ந்த பக்கம் ஒரு கணம் தயங்கி நின்று திரும்பும் படகில் உயிருக்கே ஆபத்து.

எடைக் கணக்கும் இதையே சொல்கிறது. 1 டன் தண்ணீரைப் பழைய எடைமையத்திலிருந்து 4 மீட்டர் மேலே வைத்தீர்கள். கூண்டு சுமார் 1.2 டன், 3.5 மீட்டர் மேலே என்று கொள்வோம். 4-ம் 4.2-ம் சேர்ந்து 8.2, அதைப் படகின் புது எடையான 32.2 டன்னால் வகுத்தால் எடைமையம் 25 செ.மீ. ஏறியிருக்கிறது. போன் கணக்கில் வந்த 28 செ.மீ. இழப்பை இது ஒட்டியே வருகிறது. எடை உயரத்துக்குப் போகும்போது குணகமும் சற்றுக் கூடும் என்பதால், உண்மை இழப்பு 28-ஐவிடச் சிறிது குறைவாகத்தான் இருக்கும்.

அடியில் கல்லோ இரும்போ பாரம் போட்டுச் சரிக்கட்டலாமே என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். எடைமையத்துக்கு 1.2 மீட்டர் கீழே 1 டன் போட்டால் எடைமையம் இறங்குவது 4 செ.மீ.கூட இல்லை. ஆனால் படகு 2 செ.மீ.க்கு மேல் முங்கும், விளிம்பு உயரம் அவ்வளவும் குறையும். அதே தொட்டியை 3 மீட்டர் கீழே, தளத்துக்கு இறக்கினால் 9 செ.மீ. திரும்பக் கிடைக்கும், படகும் முங்காது. ஆகவே முதல் வேலை தொட்டியை இறக்குவது, இரண்டாவது கூண்டை அகற்றுவது அல்லது இலகுவான பொருளில் சிறிதாகக் கட்டுவது. பாரம் கடைசி வழிதான். போட்டே தீர வேண்டுமானால் ஒரு துண்டுகூட நகராதபடி இறுக்கிக் கட்ட வேண்டும்.

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. மடியை (மீன் சேரும் வலைப்பை) வின்ச்சில் தூக்கும்போது, அது தளத்திலிருந்து எழும்பிய கணமே அதன் எடை முழுவதும் கம்பத்தின் கப்பியில் இருப்பதாகத்தான் படகு உணரும், மடி எவ்வளவு தாழ்வாகத் தொங்கினாலும் சரி. அரை டன் மடி, தளத்திலிருந்து 3.5 மீட்டர் உயரக் கப்பி என்றால் ஜி.எம். மேலும் 5, 6 செ.மீ. குறையும். 79 செ.மீ. உள்ள படகு இதைத் தாங்கும். ஏற்கெனவே சுருங்கிப்போன படகில், பக்கத்திலிருந்து ஓர் அலையும் சேர்ந்தால் நிலைமை வேறு.

0.80 என்ற குணகம் எங்கள் படகுக்குப் பொருந்துமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— படகு கட்டும் ஆசாரி, மூக்கையூர்

மிகச் சரியான கேள்வி. ஆட்ட நேரத்தைப் போன் நூற்றில் ஒரு பங்குப் பிழைக்குள் தரும். குணகத்தில் நூற்றுக்குப் பத்துப் பிழை இருந்தாலோ ஜி.எம்.-ல் நூற்றுக்கு இருபது பிழை வந்துவிடும். உங்கள் படகுக்கே உரிய குணகத்தைக் கண்டுபிடிக்க, தெரிந்த எடையை நகர்த்திச் சாய்வை அளக்கும் சோதனையை ஒருமுறை செய்ய வேண்டும்.

இருபது லிட்டர் தண்ணீர் கேன் 20 எடுங்கள். கழுத்துவரை, காற்று இடைவெளி இல்லாமல் கடல்நீரை நிரப்பினால் ஒன்று ஏறத்தாழ 20.5 கிலோ. தளத்தில் இடது ஓரம் 10, வலது ஓரம் 10 வையுங்கள். இரு வரிசைகளின் மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தை டேப்பால் அளந்து எழுதுங்கள், 4 மீட்டர் என்று கொள்வோம். ஆட்கள் நிற்க நடுக்கோட்டில் சாக்பீஸால் அடையாளம் போடுங்கள். ஒவ்வொரு முறை கேனை நகர்த்திய பிறகும் அவரவர் அந்த இடத்துக்கே வந்து நிற்க வேண்டும்.

இடமிருந்து வலமாக 5 கேன், பின்பு மிச்ச 5. பிறகு அவற்றை இரண்டு தடவையாகத் திருப்புங்கள். அதேபோல வலப்பக்கத்துக் கேன்களை இடத்துக்குக் கொண்டுபோய்த் திருப்புங்கள். மொத்தம் எட்டு நகர்த்தல்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஆட்டம் அடங்கும்வரை காத்திருந்து, போனின் சாய்வு அளவை ஒரு நிமிடம் பதிந்து சராசரி எடுங்கள். படகு நிலையாக நிற்பதால் இங்கே முடுக்கமானி சரியான கருவி. போனின் பூஜ்யத்தில் அரை டிகிரிப் பிழை இருந்தாலும் கவலை இல்லை, நீங்கள் எடுப்பது வித்தியாசத்தை மட்டும். நடுவில் போனை எடுத்துப் பேசிவிட்டுத் திரும்ப வைத்தால் மட்டும் எல்லாம் போயிற்று. ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள்.

போனை மட்டும் நம்ப வேண்டாம், கொத்தனாரின் லெவல் டியூப்பையும் பயன்படுத்துங்கள். படகின் குறுக்கே, 4 மீட்டர் இடைவெளியில் இரு முனைகளையும் நிமிர்த்திக் கட்டினால் 2 டிகிரிச் சாய்வில் இரண்டு முனைகளின் தண்ணீர் மட்டமும் 14 செ.மீ. வித்தியாசம் காட்டும். டியூப்பில் காற்றுக்குமிழி இருக்கக் கூடாது. இல்லாவிட்டால் 2 மீட்டர் நூலில் தூக்குக்குண்டு. அதே சாய்வில் அது 7 செ.மீ. நகரும். குண்டை ஒரு வாளி எண்ணெயில் முக்கி வைத்தால் சீக்கிரம் அடங்கும்.

ஐந்து கேன் 102.5 கிலோ, 4 மீட்டர் நகர்ந்தால் 410 கிலோ-மீட்டர். அதற்குப் படகு 1 டிகிரி சாய்ந்தால், 410-ஐ 30,000-ஆலும் 1 டிகிரியின் டேன்ஜெண்ட்டான 0.01746-ஆலும் வகுக்க வேண்டும். விடை 0.78 மீட்டர். அன்றே ஆட்டச் சோதனையும் செய்து 4.5 வினாடி வந்தால், குணகம் = 4.5 × (0.78-ன் வர்க்கமூலம்) ÷ 5. அதாவது 0.79. இனி இந்தப் படகுக்கு இதைப் பயன்படுத்துங்கள்.

எடை × தூரத்தைக் குறுக்கிலும், சாய்வின் டேன்ஜெண்ட்டை நெடுக்கிலும் வரைந்தால் தொடக்க நிலையோடு சேர்த்து ஒன்பது புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் விழ வேண்டும். ஒரு முனையில் மட்டும் கோடு வளைந்தால் அந்தப் பக்கம் கயிறு இறுகுகிறது அல்லது அடி தொடுகிறது. புள்ளிகள் சிதறினால் காற்று, அல்லது உள்ளே தண்ணீர்.

30 டன் என்ற எடை எங்கிருந்து வரும்? எடைபோட வசதி இல்லாவிட்டால் நீர்மட்ட நீளம் × நீர்மட்ட அகலம் × முங்கிய ஆழம் × வடிவக் குணகம் × 1.025. நீளம் 13, அகலம் 4.6, ஆழம் 1.1, வடிவக் குணகம் 0.45 என்றால் 30.3 டன். இதில் ஊகம் கலந்திருப்பது வடிவக் குணகத்தில்தான், அதாவது அந்த நீள அகல ஆழப் பெட்டியில் முங்கிய பகுதி எத்தனை பங்கை அடைக்கிறது என்ற எண்ணில். படகைக் கட்டியவர் நீங்கள் என்பதால் சட்டங்களின் (படகின் விலாக் கட்டைகள்) அளவுகள் உங்களிடம் இருக்கும். சட்டத்துக்குச் சட்டம் முங்கிய பரப்பைக் கணக்கிட்டுக் கூட்டினால் ஊகம் தேவையில்லை.

ஐஸ் உருகிய தண்ணீர் மீன் கிடங்கில் கணுக்காலளவு நிற்கும். கரைக்கு வந்துதான் இறைப்போம். அதனால் கெடுதலா?
— மீன்பிடித் தொழிலாளி, பாம்பன்

கெடுதல்தான், அதன் எடையைவிட அதன் அகலம் செய்யும் கெடுதல் பெரிது. படகு சாய்ந்ததும் தண்ணீர் மொத்தமும் தாழ்ந்த பக்கம் ஓடி, சாய்வைக் கூட்டுகிறது. 3 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலக் கிடங்கில் தடுப்பு இல்லாமல் தண்ணீர் ஆடினால் 30 டன் படகின் ஜி.எம். 23 செ.மீ. குறையும். தண்ணீர் எவ்வளவு ஆழம் என்பதற்கு இதில் பெரிய பங்கில்லை.

தீர்வு செலவில்லாதது. கிடங்கின் நடுவே, அணியத்திலிருந்து பின்புறம் நோக்கி நெடுக்காக ஒரு தடுப்புப் பலகை போடுங்கள். இழப்பு நாலில் ஒரு பங்காக, 6 செ.மீ.க்குள் இறங்கிவிடும். இரு பாதிகளுக்கும் இடையில் தண்ணீர் பாயாதபடி அடி இடுக்கை அடைக்க வேண்டும். ஒவ்வொரு பாதிக்கும் தனி இறைப்புக் குழி வையுங்கள். குறுக்காகப் போடும் பலகை இதற்கு உதவாது. கடலிலேயே இறைப்பதை வழக்கமாக்குங்கள். தளத்தில் ஏறிய அலைத் தண்ணீர் வழிந்தோடும் வாய்களை வலையும் கூடையும் அடைத்துக்கொள்ளாமல் பார்ப்பதும் இதே கணக்கில் சேரும்: 20 சதுர மீட்டர் தளத்தில் 10 செ.மீ. தண்ணீர் நின்றால் அது 2 டன், அதுவும் ஆடும் 2 டன்.

எங்களுடையது நாட்டுப்படகு, அகலம் 2 மீட்டர்தான். இதே கணக்குப் போதுமா?
— வல்லம் வைத்திருப்பவர், தொண்டி

ஆட்டக் கணக்கு சரிவராது. சிறிய திறந்த படகில் ஆட்களே பெரிய எடை, ஆட்டமும் இரண்டு மூன்று தடவையிலேயே அடங்கிவிடும். கேன் நகர்த்தும் சோதனை மட்டும் செய்யுங்கள். 1.8 டன் வல்லத்தில் 6 கேன், 60 செ.மீ. நகர்த்தினாலே அளக்கக்கூடிய சாய்வு வரும். ஆட்கள் உட்கார்ந்து ஒருமுறை, நின்று ஒருமுறை அளந்து பாருங்கள். நாலு பேர் எழுந்து நின்றால் என்ன ஆகிறது என்பதைப் போன் காட்டும். அலை உள்ளே வரும் விளிம்பு உயரத்தை டேப்பால் அளப்பது உங்கள் படகுக்கு இதைவிட முக்கியம்.

கடலில் ஓடும்போதே போனைப் பார்த்து ஆபத்தை முன்கூட்டி அறிய முடியுமா?
— டிரைவர், தேவிபட்டினம்

கவனத்தோடு ஓரளவுக்கு முடியும். ஓடும் படகு தன் தாளத்தில் மட்டும் ஆடாது, அலை வரும் தாளத்திலும் ஆடும். கடலில் எடுத்த எண்ணைக் கணக்கில் போட்டு ஜி.எம். கண்டுபிடிக்கக் கூடாது. ஆனால் துறைமுகத்தில் அமைதியான தண்ணீரில் மூன்று நிலைகளில் அளந்து வைத்துக்கொள்ளலாம்: டீசலும் ஐஸும் நிரம்பிப் புறப்படும்போது; மீன் நிரம்பித் திரும்பியதும்; டீசல் தீர்ந்து, மீன் கூடைகள் தளத்தில் இருக்கும்போது. அடியில் இருந்த டீசல் தீர்ந்து, மேலே எடை ஏறியிருப்பதால் மூன்றாவதுதான் பெரும்பாலும் மோசம். மூன்று எண்களையும் வீல் ஹவுஸில் எழுதி ஒட்டுங்கள்.

பாக் நீரிணையில் காற்றலைகள் குட்டையாக, நெருக்கமாக வரும். அலை பக்கத்திலிருந்து வந்து, அதன் இடைவெளி உங்கள் படகின் ஆட்ட நேரத்தோடு ஒத்துப்போனால் ஒவ்வொரு அலைக்கும் ஆட்டம் பெருகும். அப்போது வேகத்தையோ திசையையோ மாற்றுங்கள். அணியத்தைச் சற்று அலைக்குத் திருப்பினாலே அலை சந்திக்கும் தாளம் மாறிவிடும். அலை மாறாமல் இருந்தும் ஆட்டம் வழக்கத்தைவிட மெதுவானால், அல்லது படகு ஒரு பக்கம் சாய்ந்து தயங்கினால், போனை எடுக்காதீர்கள். பில்ஜையும் கிடங்கையும் திறந்து பாருங்கள், தளத்தில் உள்ள எடையைக் கீழே இறக்குங்கள். மடி பாரில் (கடலடிப் பாறை) மாட்டிக்கொண்டால் வின்ச்சைப் போட்டு இழுப்பதை நிறுத்திக் கயிற்றைத் தளர்த்துங்கள். அந்த இழுப்புக்கு எந்த ஜி.எம்.-ம் ஈடுகொடுக்காது.

இந்த அளவை அதிகாரிகள் ஏற்பார்களா?
— படகு உரிமையாளர், ஏர்வாடி

சான்றுக்குப் பயன்படாது. உறுதிச் சான்று தேவைப்படும் கலத்துக்குக் கப்பல் வடிவமைப்பாளர் முறைப்படி சோதித்து, பெரிய சாய்வுகளுக்கான கணக்கையும் போட்டுக் கையெழுத்திட வேண்டும். ஆனால் கூண்டு கட்டுவதற்கு முன்பும் பின்பும் எடுத்த ஆட்ட நேரங்களைத் தேதியோடு குறித்துக் கொண்டுபோனால், அவருக்கு எங்கே பார்க்க வேண்டும் என்பது முதல் நாளே தெரிந்துவிடும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை எப்படிக் காட்டலாம்?
— ஆசிரியை, ராமநாதபுரம்

குளிக்கும் டப்பில் தண்ணீர் நிரப்பி, ஒரு நீள்சதுர பிளாஸ்டிக் டப்பாவை மிதக்க விடுங்கள். அடியில் நனையாத உறையில் போன், இருபுறமும் சம எடையாக மணல் பொட்டலங்கள். விரலால் தட்டி ஆட்ட நேரத்தை எடுக்கச் சொல்லுங்கள். பிறகு அதே மணலை டப்பாவின் நடுவில் நிறுத்திய ஒரு தம்ளரின் மேல் வைத்து மறுபடி எடுக்கட்டும். மொத்த எடை மாறாது, ஆனால் நேரம் நீளும். இன்னும் உயர்த்தினால் டப்பா ஒரு பக்கம் சாய்ந்து அப்படியே நின்றுவிடும், ஜி.எம். பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது என்று அர்த்தம்.

ஸ்வீடனின் ‘வாசா’ போர்க்கப்பல் கதையையும் சொல்லலாம். 1628-ல் அது புறப்படுவதற்கு முன், 30 பேரைத் தளத்தில் இடமும் வலமும் ஓடவிட்டுச் சோதித்தார்கள். மூன்றாவது ஓட்டத்திலேயே கப்பல் பயங்கரமாக ஆடியதால் சோதனையை நிறுத்திவிட்டார்கள், ஆனால் கப்பலைத் திருத்தவில்லை. ஆகஸ்ட் 10-ஆம் தேதி முதல் பயணத்தில், துறைமுகத்தைத் தாண்டுவதற்குள் மூழ்கியது. டப்பாவில் மணலை உயர்த்துவதற்கு முன்பு, எந்த உயரத்தில் சாயும் என்று பிள்ளைகளை முதலில் நேரங்களை வைத்துக் கணிக்கச் சொல்லுங்கள். மூன்று நான்கு உயரங்களில் எடுத்த நேரங்களை வரைபடமாக்கினால் கோடு எங்கே செங்குத்தாக ஏறுகிறதோ, அதற்கு அருகில்தான் சாயும்.